சாயம் என்று நினைத்த சிவப்பு

துணி ஆலையில் சாயம் கலக்குகிறவருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனபோது அவர் துளியும் பதறவில்லை. பத்தொன்பது வருஷமாகச் சிவப்புப் பொடியை அள்ளிக் கொட்டியவர். நகக்கண், காது மடல், வேர்வை பட்ட பனியன் எல்லாமே சிவப்பு. இதுவும் அதில் சேர்த்தி என்று விட்டுவிட்டார். வலியும் இல்லை.

இயந்திரம் பழுதாகி ஆலை ஒரு வாரம் மூடிக்கிடந்தது. ஐந்தாம் நாள் கழிவறையைக் கழுவப் போன மனைவி போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"அஞ்சு நாளா நீங்க ஆலைப் பக்கமே போகலையே. இது எங்கேருந்து வந்த சாயம்?"

அன்றைக்கே அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சிறுநீர்ப்பையில் கட்டி. புற்றுநோய்தான், ஆனால் மேலாகத்தான் இருக்கிறது, வயிற்றைக் கிழிக்காமலே சுரண்டி எடுத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. பிறகு வேலையைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார்.

"சில சாயப்பொடில இருக்கற ரசாயனம் தோல் வழியா, மூச்சு வழியா உள்ள போயிடும். பல வருஷம் கழிச்சுத்தான் வேலையக் காட்டும். உங்ககூட கலக்கறவங்க எத்தனை பேரு?"

"ஆறு பேருங்க."

"அவங்களையும் வரச் சொல்லுங்க."

கட்டியை எடுத்ததைவிட இதுதான் அவருக்குப் பெரும்பாடு. லீவு கேட்கக்கூட தரையைப் பார்த்துப் பேசுகிற மனுஷன், ஆறு ஆண்களிடம் போய் 'உனக்கு எப்படிப் போகிறது' என்று கேட்பதா? கேட்டார். சாப்பாட்டு அறையில் சிரிப்பு கூரையைப் பிய்த்தது.

"ஏண்ணே, சாயம் பத்தலைன்னு எங்ககிட்ட பிடிச்சுக்கப் போறீங்களா?" என்றான் பொடி நிறுக்கிறவன்.

அவரும் சிரித்துவிட்டார். "சிரிச்சுக்கோ. சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போற வண்டில நீதான் மொதல்ல ஏறணும்."

சோதித்ததில் அவனுக்குத்தான் கட்டி இருந்தது, மிளகளவு. கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தம் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

இரண்டு பேரின் அறிக்கையோடும் ஏழு பேரும் மேலாளர் முன்னால் போய் நின்றார்கள். எட்டு மாதம் இழுத்தடித்த பிறகு அந்தப் பொடி ஆலையை விட்டுப் போயிற்று. அவரைத் துணி மடிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள்.

கட்டி மறுபடி வருகிறதா என்று குழாய் விட்டுப் பார்க்கும் சோதனைக்கு அவரும் பொடி நிறுக்கிறவனும் ஒரே நாளில்தான் போவார்கள். சுகமான காரியமில்லை, பல்லைக் கடித்துக்கொள்வார்கள். மூன்றாம் வருஷம் டாக்டரம்மா, "ரெண்டு பேருக்கும் சுத்தமா இருக்கு. இனிமே வருஷத்துக்கு ஒரு தடவை போதும்" என்றார்.

வெளியே வந்து, பெஞ்சில் இருந்த மனைவியிடம் சொன்னார். அவள் கைப்பையைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"எனக்குப் பசிக்குது" என்றாள்.

மூவரும் எதிர்க்கடையில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டார்கள்.