கொடுவாவும் சாவிக்கொத்தும்

கல்யாணமான மூன்றாம் நாள் என் மாமியார் ஒரு சாவிக்கொத்தை என் இடுப்பில் செருகிவிட்டார்கள். "இத எறக்கி வைக்கப்படாது, என்ன?" என்றார்கள். ஐந்து சாவிகள். வீட்டுப் பொறுப்பு கைக்கு வந்துவிட்டது என்று நினைத்து மறுநாள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒரு சாவிக்கும் அந்த வீட்டில் பூட்டு இல்லை.

அது எதற்கென்று அந்த வாரமே ஒரு விடியற்காலையில் தெரிந்துபோனது. என் வீட்டுக்காரருக்குப் பாயில் வலிப்பு வந்தது. முதலில் வலது கை வெட்டி வெட்டி இழுத்தது. பிறகு கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பியது. குதிகால் தரையைத் தோண்டியது. மாமியார் ஓடிவந்து என் இடுப்பிலிருந்த கொத்தை உருவி அவர் கையில் திணித்தார்கள். இரும்பைப் பிடித்தால் வலிப்பு நின்றுவிடும் என்று நாங்கள் எல்லோரும் நம்பிய காலம் அது.

பயம் எனக்குப் புதிதில்லை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றதே பயத்தால்தான். மீன்கூடையோடு பஸ் ஏறிப்போன அம்மா திரும்பி வருவாளா என்று பாடம் நடக்கும்போதே எழுந்து வாசலுக்கு ஓடுவேன். "இவ வீட்டுல இருந்தே கவலப்படட்டும், அதுக்கு எதுக்கு இவ்வளவு தூரம் வரணும்" என்று டீச்சர் அம்மாவிடம் சொல்லிவிட்டார். அப்படிப்பட்டவளைத்தான் என் வீட்டுக்காரருக்குக் கட்டிவைத்தார்கள். நல்ல காவல் கிடைத்தது என்று நினைத்திருப்பார்கள்.

அவருடைய அண்ணன்மார் எல்லாம் கடலுக்குப் போகிறவர்கள். இவருக்கு மட்டும் கடல் ஒத்துக்கொள்ளாது என்று ஊரில் சொல்லிவைத்திருந்தார்கள். துறைமுகத்தில் வின்ச் ஓட்டினார். கப்பலின் மேல்தளத்தில் நின்று, மூட்டைக் கட்டுகளைத் தூக்கி, கீழே கிடங்குக்குள் இறக்குகிற வேலை. எழுபதுகளில் புதுத் துறைமுகம் வந்த சமயம். நிரந்தரமாக எடுக்கப்போகிற ஆட்களில் இவர் பெயரையும் போர்மேன் சேர்த்திருந்தார். வலிப்பு விஷயம் மட்டும் வெளியே தெரிந்தால் அன்றோடு முடிந்தது. தூத்துக்குடி மருந்துக்கடையில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று மாத்திரை வாங்க நான் ஏரலுக்குப் பஸ் ஏறுவேன். திரும்பி வந்து அரிசிப் பானைக்குள் ஒளித்துவைப்பேன்.

வின்ச் மேல் அவருக்கு அவ்வளவு ஆசை. "மேல நின்னா ஊரே தெரியுதுளா. நம்ம வீட்டுக் கொடியில காயுத சேலகூடத் தெரியுது" என்பார். தெரியாது, அவ்வளவு தூரம். ஆனாலும் அவர் வேலைக்குப் போகிற நாளில் சிவப்புச் சேலையைத்தான் துவைத்துப் போடுவேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வின்ச்சுக்குக் கீழே கிடங்கில் ஆட்கள் நிற்பார்கள். மேலே இவருக்கு வலிப்பு வந்தால் மூட்டைக் கட்டு அவர்கள் தலையில்தான் விழும். அவர்கள் வீட்டிலும் என்னைப்போல ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாளே என்று எனக்கு ஓயாத நினைப்பு. மாதா கோயிலில் முழந்தாளிட்டு, இவரை அந்த உயரத்திலிருந்து இறக்கிவிடு தாயே என்று நான் வேண்டியது உண்டு. அவரிடம் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உப்பளத்து ஓடை கடலில் சேருகிற இடத்துக்குத் தூண்டில் போடப் போவார். கடலுக்குள் போகவிடாத வீட்டில் அவருக்குக் கிடைத்த கடல் அந்த ஓடைக்கரைதான். நானும் கூடவே போவேன். கடல்நீர் ஓடைக்குள் ஏறும்போது மடவை மீன்களைத் துரத்திக்கொண்டு கொடுவா மீன் உள்ளே வரும். உயிருள்ள மடவைக் குஞ்சை முள்ளில் கோத்து எறிந்துவிட்டு, நைலான் நரம்பை விரலில் பிடித்தபடி குத்தவைத்து உட்கார்ந்திருப்பார். நரம்பின் மறுமுனை ஒரு கட்டையில் சுற்றியிருக்கும். வெயிலில் உப்புக் குவியல்கள் கண்ணைக் குத்தும். நான் பின்னால் முள் நிறைந்த உடைமரத்து நிழலில் இருந்துகொண்டு அவருடைய வலது கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். மீனை ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

அப்படி ஒரு ஞாயிறு, சித்திரை மாத வெயில். போர்மேனும் பத்தடி தள்ளித் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏலே, பொண்டாட்டியக் காவலுக்குக் கூட்டிட்டு மீன் பிடிக்க வாரவன் இந்தக் கரையில நீ ஒருத்தன்தாம்லே" என்றார்.

"காவலுக்கு இல்ல அண்ணாச்சி. என் மொகத்தப் பாத்து ஒரு மீனும் வரமாட்டேங்கு. அவ மொகத்துக்காவது வரட்டும்னுதான்."

"அப்ப எங்க வீட்டுக்காரியக் கூட்டியாரப்படாது. உள்ள மீனும் கடலுக்கு ஓடிரும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் இவர் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தார். வெயிலும் பசியும் சேர்ந்தால் வந்துவிடுமோ என்று காலையிலிருந்தே மனசு அடித்துக்கொண்டிருந்தது.

அப்போது அவருடைய வலது கை வெட்டி இழுத்தது.

ஒருமுறை, இன்னொருமுறை. கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பியது. பல்லைக் கடித்தார். கால் சேற்றில் வழுக்கி ஒருக்களித்து விழுந்தார். குதிகால் கரையைத் தோண்டியது. நான் எழுந்ததும் ஓடியதும் எனக்கு நினைவில்லை. கத்தியது நினைவிருக்கிறது.

"வலிப்பு வந்துட்டு, அண்ணாச்சி. பிடிங்க. தண்ணிக்குள்ள போயிருவாரு. நாக்கக் கடிச்சிருவாரு."

அவர்மேல் விழுந்து இறுக்கியிருந்த விரல்களைப் பிரித்தேன். பிரிய மறுத்தன. நகம் பதிய ஒவ்வொன்றாகப் பிரித்து, சாவிக்கொத்தை உள்ளே வைத்து மூடி, என் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவர் அண்ணாந்து என்னைப் பார்த்தார். கண் தெளிவாக இருந்தது.

"ஏளா, மீன்ளா" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். கட்டை சேற்றில் குதித்துக் குதித்து ஓடித் தண்ணீரில் விழுந்தது. ஓடை நடுவில் ஒரு பெரிய கொடுவா தலையை உதறிக்கொண்டு மேலே எழும்பியது. வெள்ளி மாதிரி மின்னியது. விழுந்து, நரம்பையும் அதில் எடைக்குக் கட்டிய ஈயத்தையும் கட்டையையும் இழுத்துக்கொண்டு கடல்பக்கமாகப் போய்விட்டது. அந்த ஒரு மீனைத்தான் நான் சரியாகப் பார்த்தேன்.

அவர் எழுந்து சேற்றைத் தட்டிவிட்டுச் சிரித்தார். "இவளுக்குக் கிறுக்கு, அண்ணாச்சி. நான் தும்முனாக்கூட வலிப்புன்னு ஓடியாருவா."

போர்மேன் சிரிக்கவில்லை. இவர் கையிலிருந்த சாவிக்கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுலயும் இப்படி ஒரு கொத்து உண்டுலே. என் தங்கச்சிக்கு" என்றார். பிறகு, "எத்தன வருசமா?" என்று கேட்டார்.

இவர் சாவிக்கொத்தை என் கையில் திருப்பித் தந்தார். நான் அதை இடுப்பில் செருகிக்கொண்டேன். அதுவே போதுமானதாக இருந்தது.

"தெரியாம இருந்தவரைக்கும் சரி. தெரிஞ்ச பெறவு உன்னைய மேல நிறுத்திட்டு நான் எப்படிலே கீழ ஆள எறக்குவேன்?"

போர்மேனைத் தப்புச் சொல்ல என்னால் அன்றும் முடியவில்லை, இன்றும் முடியவில்லை. அவர் கேட்டது என்னுடைய கேள்விதான்.

வலிப்பு என்று அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இவருக்குக் கண்பார்வை சரியில்லை என்று சொல்லி, கரையிலிருந்த சரக்குக் கிடங்கில் தார்ப்பாய் தைக்கிற வேலையில் போட்டுவிட்டார். அன்று முதல் இவர் தரையில் சம்மணமிட்டுக் கோணி ஊசியால் கிழிசல் தைத்தார். நிரந்தரப் பட்டியலில் பெயர் வரவில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டினால் கொஞ்சம் ஆறியிருக்கும். ஒரு நாள் நான் கொடியில் சிவப்புச் சேலையைப் போடும்போது, "எந்தச் சேலையப் போட்டா என்ன, இனி" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவருக்கு வலிப்பு வரவில்லை. மாத்திரையோ, வயதோ, தெரியாது. ஒரு மாதம் பார்த்தேன், ஆறு மாதம் பார்த்தேன், வருஷமும் போனது. சாகிறவரை வரவேயில்லை. நான் கத்திய அன்றைக்கே அது அவரைவிட்டுப் போயிருக்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்ல? மாதா நான் கேட்டதைக் கொடுத்துவிட்டாள். அதற்கு நன்றி சொல்லவும் வாய் வரவில்லை.

சில மாதம் கழித்து அவர் மறுபடி தூண்டில் கட்டினார். என்னிடம் கை நீட்டினார்.

"அந்தக் கொத்தக் குடு. ஈயம் இல்ல."

வளையத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி, ஈயத்துக்குப் பதிலாக நரம்பில் கட்டினார். அந்தச் சாவி பாறையில் சிக்கி அறுந்தபோது அடுத்ததைக் கழற்றினார்.

பூசை முடிந்ததும் என்னைப் பார்க்காமல் தனியாகவே கிளம்பிப் போவார். வரவேண்டாம் என்று சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை. வீட்டில் இருக்க முடியாமல் ஒரு ஞாயிறு பின்னாலேயே போய், உடைமரத்துக்குப் பின்னால் மறைந்து நின்றேன். வெகுநேரம் கழித்து அவருடைய வலது கை வெட்டி இழுத்தது. கழுத்து திரும்பியது. நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு, முள்மரத்தை ஒரு கையால் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தபடியே கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்:

"மீன்தான்."

அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் அந்த மரத்துக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். நரம்பு இழுக்கும்போதெல்லாம் முதுகைக் காட்டியபடியே "மீன்தான்" என்பார். ஒன்றும் இழுக்காத நாளில், நான் நிற்பது தெரிந்து, "ஒண்ணுமில்ல" என்பார். முன்னைப்போல் இங்கன வந்து உட்காரு என்று ஒருநாளும் கூப்பிடவில்லை.