கம்பவுண்டர் போட்ட முடிச்சு

அறுபத்திரண்டோ அறுபத்து மூன்றோ இருக்கும், தென்காசியில் குடியிருந்தோம். லாரி ஓட்டிய என் கணவருக்குப் புளியறைப் பக்கம் நடந்த விபத்தில், இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஐந்து மாதமாகியும் எடுத்த இடத்துப் புண் ஆறவில்லை. பென்சிலின் ஊசிக்கும் கேட்காவிட்டால் முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டும், அப்புறம் மரக்கால் வைத்து நடப்பது பெரும்பாடு என்றார் டாக்டர்.

அவருடைய கம்பவுண்டர் காலையும் மாலையும் சைக்கிளில் வந்து ஊசி போட்டார்; ஐந்து நாளைக்கு ஒருமுறை புண்ணின் கட்டையும் மாற்றினார். சிரிஞ்சும் ஊசியும் எங்கள் ஸ்டவ்வில் தளதளவென்று கொதித்தால்தான் கையில் எடுப்பார். போதாதா என்று நான் முனகினாலும் அசைய மாட்டார். மூன்றாவது வாரம் புண்ணில் புதுச் சதை தெரிந்தது.

அப்போதுதான் என் புத்தி புல் மேயப் போனது. குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்தது. மூலிகை பட்டு வரும் தண்ணீர், எந்தப் புண்ணும் ஆறும் என்று எங்கள் பக்கத்தில் சொல்லாதவர் கிடையாது. ஊசியோடு இதுவும் சேரட்டுமே என்று, தூக்குச்சட்டியில் அருவித் தண்ணீர் பிடித்துவந்து, யாருக்கும் சொல்லாமல் நான்கு நாள் கட்டை அவிழ்த்துப் புண்ணைக் கழுவினேன். இவரும் தடுக்கவில்லை. ஐந்தாம் நாள் சீழும் காய்ச்சலும் வந்துவிட்டன.

கட்டு மாற்றப் போர்வையை விலக்கிய கம்பவுண்டர், அதில் இருந்தது தன் முடிச்சு இல்லை என்று பார்த்ததுமே கண்டுகொண்டார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அருவில நானுந்தான் குளிக்கேன். புண்ணுக்கு மட்டும் அந்தத் தண்ணி வேண்டாம், தங்கச்சி" என்றார். அவ்வளவுதான்.

மாலையில் டாக்டர் வந்து, யார் செய்த வேலை இது என்று சத்தம் போட்டார்.

"கட்டு போட்டதுல எனக்குத்தான் கவனம் தப்பிட்டு, சார்" என்றார் கம்பவுண்டர். அவர் வாங்கிய ஏச்சைக் கேட்டு நான் கூனிக்குறுகிப் போனேன்.

டாக்டர் போனதும், ஏன் அண்ணாச்சி இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"உன்னைய ஏசினா நாளைக்கு எதையாச்சும் மறைப்பே. மறைச்சா அவரு காலு போயிரும். என்னைய ஏசினா என்ன போவுது?" என்றபடி ஸ்டவ்வைப் பற்றவைத்தார்.

மறுபடி முதலிலிருந்து ஊசி. சீசன் முடிவதற்குள் புண் மூடிவிட்டது, முழங்கால் தப்பியது. மரக்காலோடு இவர் தெருவில் இறங்கிய அன்று, கம்பவுண்டர் சைக்கிளை உருட்டிக்கொண்டு கூடவே நடந்தார்.

டாக்டரிடம் உண்மையை நான் கடைசிவரை சொல்லவில்லை. அது இன்றும் உறுத்துகிறது. ஆனால் யாராவது தான் செய்த தப்பை என்னிடம் வந்து சொன்னால், வாய் வரை வந்த ஏச்சை விழுங்கிவிட்டு, இனி என்ன செய்யலாம் என்று மட்டும் கேட்க அந்த மனிதரால்தான் எனக்கு முடிகிறது.