உதிர்ந்துபோன என் தோல்

1988 கோடையில் சோழபுரத்தில் எங்கள் வீட்டு மண்ணெண்ணெய் ஸ்டவ் வெடித்தது. பன்னிரண்டு வயது மகள் எஸ்தரின் நெஞ்சும் முதுகும் இடது கையும் வெந்துபோயின. நான் ராஜபாளையத்தில் மில் வேலையில் இருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். வழியெல்லாம் தண்ணீர் கேட்டாள்.

மதுரை டாக்டர் ஆபத்தை ஒளிக்கவில்லை. "புண்ணை மூடலேன்னா சீழ் ரத்தத்துல ஏறிடும். அவ தோலை எடுக்கலாம்னா இப்ப ஒடம்பு தாங்காது. ஒங்க தோலை வைப்போம்."

என் இரண்டு தொடைகளிலும் சீவி எடுத்தார்கள். எஸ்தர், "எனக்கும் ஒங்கள மாதிரி முடி மொளைக்குமாப்பா?" என்று கேட்டாள். விபத்துக்குப் பிறகு என் மனைவி சிரித்தது அன்றுதான்.

'ஆண்டவரே, என் தோல் இவள்மேல் நிலைக்கட்டும்.' இதை மட்டுமே ஜெபித்தேன். தோல் ஒட்டியது. காய்ச்சல் இறங்கியது. சபையில் நன்றி சொல்லும்படி ஊருக்குச் சொல்லியனுப்பினேன்.

மூன்றாம் வாரம் ஒட்டிய தோலின் ஓரங்கள் கறுத்தன. பிறகு கட்டு மாற்றும்போது துணியோடு உரிந்து வந்தது. நாற்றம் தாங்க முடியவில்லை. பார்க்க வந்த சபை அக்கா ஒருவர், "விசுவாசம் கொறைஞ்சிருச்சோ என்னமோ" என்றார்.

"ஒங்க தோலைக் குடுத்துட்டு வந்து பேசுங்கக்கா" என்றாள் என் மனைவி.

எனக்கும் அந்த அக்காவின் எண்ணம்தான். ஜெபத்தை நிறுத்திவிட்டேன்.

டாக்டர் சொன்னார்: "பெத்தவுக தோலுன்னாலும் ஒடம்புக்கு அன்னியம்தான். ஒரே கருவுல பிரிஞ்ச ரெட்டைப்பிள்ளை தோலுன்னா நிக்கும். இல்லேன்னா அவளோட சொந்தத் தோலு. ஒங்களுது உதிரும்னு தெரிஞ்சுதான் வச்சேன்."

"அப்ப எதுக்குங்கய்யா வச்சீங்க?"

"அவ ஒடம்பு தேறுற வரைக்கும் உசுரோட இருக்கணும்ல?"

அதன்பின் அவள் கால்களிலிருந்தே தோல் எடுத்தார்கள். ஆறவிட்டு, அதே இடத்தில் மறுபடியும் எடுத்தார்கள். அவள் அலறியதை எழுத எனக்கு மனமில்லை. அந்தத் தோல் நிலைத்தது.

பக்கத்துக் கட்டிலில் இருந்த வத்திராயிருப்புப் பெண் இறந்துபோனாள். அவளுடைய தாயும் ஜெபித்தவள்தான்.

எஸ்தருக்கு இப்போது பத்தொன்பது வயது. இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. கழுத்து முழுதாகத் திரும்பாது. தினமும் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போய் வருகிறாள். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

'இன்ன வழியில் காப்பாற்றும்' என்று இப்போது நான் அவருக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. பிள்ளையை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்திவிட்டு இதை வாசிக்கிறவர்களே, கண்முன் எது உதிர்ந்தாலும் கேட்பதை நிறுத்தாதீர்கள். நான் நிறுத்திவிட்ட நாட்களிலும் அவர் என் மகளைக் கைவிடவில்லை.