தோடம்பழத் தோல்களைச் சோதித்த இந்திராணி அக்கா

காலை வேலைக்கு வந்து கையுறையை மாட்டிக்கொண்டிருந்தபோது ஆய்வுகூடத்துத் தொலைபேசி அடித்தது. மறுமுனையில் இந்திராணி அக்காவின் கணவர் அருளானந்தம் அண்ணை. "மாலா, இந்திரா போயிட்டா" என்றார். பிறகு, நான் கேட்காமலே, "நித்திரையிலை இல்லை, முழிப்போடைதான்" என்றும் சேர்த்துச் சொன்னார். மனைவியின் சாவைப் பற்றிக்கூட ஒரு பொய்யான ஆறுதல் பரவிவிடக் கூடாது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அக்காவோடு வாழ்ந்த மனிதர் வேறு எப்படிச் சொல்வார்?

திருமதி இந்திராணி அருளானந்தம் கொழும்பில் அரசாங்க ஆய்வுகூடமொன்றில் இரசாயனப் பகுப்பாய்வாளராக இருந்தவர். எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் வீடு எரிந்தது. சான்றிதழ்களும் எரிந்தன. கணவரோடும் கைக்குழந்தையோடும் ரொறன்ரோ வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் குடியிருந்து, பேக்கரியில் பாண் அடுக்கினார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான் ஸ்காபரோவில் நான் வேலை செய்த சிறிய ஆய்வுகூடத்துக்கு வந்து சேர்ந்தார். இறக்குமதியாகும் உணவுப் பொருட்களையும் மூலிகைகளையும் சோதிப்பது எங்கள் வேலை. மாதிரிகளை அரைத்து வடித்துக் கொடுப்பது நான். கருவியில் செலுத்தி முடிவு எழுதுவது அவர்.

வந்த புதிதில் ஒரு பொடியை முகர்ந்து பார்த்து, "இது சுத்தமான மஞ்சள்தான் அக்கா" என்று சொல்லிவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "மணத்தை வைச்சுச் சொல்லாதேயும் மாலா. பிழைச்சால் அது ஆரின்ரையோ வயித்துக்குள்ளைதான் போகும்."

அந்தக் கண்டிப்புத்தான் அவருடைய பெருமை. அதுவே அவரை வருத்தியதும்.

சைனா ரவுணில் மூலிகைக் கடை வைத்திருந்த திருமதி லின் ஒருநாள் ஒரு பை உலர்ந்த பழத்தோலோடு வந்தார். மண்டரின் என்னும் சிறிய ஆரஞ்சு வகைத் தோடம்பழத்தின் தோலைக் காயவைத்து, இருமலுக்கும் சமிபாட்டுக்கும் அவித்துக் குடிப்பது அவர்களுடைய வழக்கம். புதிதாக வந்த மூட்டையிலிருந்து வாங்கி அவித்துக் குடித்த இரண்டொருவர் நெஞ்சு படபடக்கிறது என்று சொன்னார்களாம். அவர் விற்பனையை நிறுத்திவிட்டு எங்களிடம் வந்திருந்தார்.

முதல் சோதனையிலேயே அக்காவின் முகம் மாறியது. நரிஞ்சின் என்ற கசப்புப் பொருள் அதில் இருந்தது. அது கசப்புத் தோடையின் தோலில் நிறைய இருக்கும்; மண்டரினில் அப்படி இருக்காது. கசப்புத் தோடையில் இதயத் துடிப்பைக் கூட்டக்கூடிய பொருளும் கூடுதல்.

"கலப்படம்தானே அக்கா?" என்றேன்.

"அப்பிடித்தான் தெரியுது. ஆனால் மண்டரினிலையும் எத்தனை இனம் இருக்கு. ஏதாவது ஒரு இனத்திலை இது இருந்தால்? பழைய தோலிலை அளவு மாறினால்? எல்லாத்தையும் ஒப்பிட்டுப் பாத்திட்டுத்தான் சொல்லுவன்."

அன்றைக்கே கடை கடையாக ஏறி இறங்கினார். கிடைத்த இனங்களை எல்லாம் வாங்கி, தோலை உரித்து, வீட்டு ஹீற்றரின் மேல் பரப்பிக் காயவைத்தார். பழங்களை எங்களுக்குப் பங்கிட்டார். அந்த வாரம் முழுவதும் ஆய்வுகூடம் தோடம்பழ வாசனையாக இருந்தது. ஒவ்வொரு இனத்தின் தோலையும் நான் தனித்தனியே அரைத்துக் கொடுத்தேன். எந்த மண்டரினிலும் அந்தக் கசப்புப் பொருள் இல்லை என்று உறுதியான பிறகே திருமதி லின்னுக்குத் தொலைபேசி எடுத்தார்.

பேச்சு நீளவில்லை. அக்கா ரிசீவரை வைத்துவிட்டு என்னிடம் விஷயத்தைச் சொன்னார்.

கடையில் விற்பனை நின்றிருந்தது. ஆனால் திருமதி லின்னின் தகப்பனார், ஏற்கெனவே இதயநோய்க்காரர், வீட்டில் எடுத்து வைத்திருந்த தோலை அவித்துக் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். மகளுக்குத் தெரியாது. அதற்கு முந்தின நாள்தான் அவரை அடக்கம் செய்திருந்தார்கள்.

பிறகு திருமதி லின் நேரில் வந்தார். சத்தம் போடவில்லை. "இதைக் குடிக்காமல் இருந்திருந்தால் அப்பா உயிரோடு இருந்திருப்பாரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"எனக்குத் தெரியாது" என்றார் அக்கா. "அதைத் தோலில் இருந்து கண்டுபிடிக்க முடியாது. ஆனால் முதல் நாளே எனக்குச் சந்தேகம் இருந்தது. நான் உங்களிடம் சொல்லவில்லை."

அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். யாரும் அவரைக் கேட்கவில்லை. திருமதி லின் மிச்சத் தோல் இருந்த பையை எடுத்துக்கொண்டு போனார். மறுபடி அவர் வரவேயில்லை.

"ஒரு போன் எடுத்து, குடிக்காதேங்கோ, பாத்துச் சொல்லுறன் எண்டு சொல்ல எனக்கு என்ன வந்தது மாலா?" என்று அக்கா என்னிடம் கேட்டார்.

அதன்பின் அவர் வேலை செய்யும் முறை மாறியது. சந்தேகம் தோன்றிய உடனேயே வாடிக்கையாளரை அழைத்து எச்சரிப்பார். சோதனையைப் பிறகு முழுமையாகச் செய்வார். சில தடவைகளில் சந்தேகம் பிழையாகவும் போனது. இறக்குமதியாளர்கள் முறைப்பாடு செய்தார்கள். முதலாளி கூப்பிட்டு, முடிவு வருமுன் வாயைத் திறக்கக் கூடாது என்றார்.

"அப்பிடி இருந்துதான் ஒரு மனுசன் செத்தது" என்று சொல்லிவிட்டு அக்கா திரும்பி வந்தார். அந்தக் கோடையில் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி கட்டும் வேலைக்குப் போனார். படித்த படிப்பு இரண்டாம் தடவையும் கைவிட்டுப் போனது. அதைப் பற்றி அவர் குறைசொல்லி நான் கேட்டதில்லை.

கடந்த இலையுதிர்காலத்தில் வயிற்று நோவென்று ஆஸ்பத்திரிக்குப் போனார். நான் பக்கத்தில் இருந்தபோது இளம் டொக்டர் ஒருவர், இன்னொரு பரிசோதனை முடிவு வரட்டும், அதற்கு முன் எதுவும் சொல்ல முடியாது என்றார். அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "நானும் அப்படிச் சொன்னவள்தான். உங்கள் மனதில் இருப்பதைச் சொல்லுங்கள்." டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். கணையத்தில் புற்றுநோய். பனிக்காலம் முடியும்வரைகூட இருப்பாரோ தெரியாது என்றார். அக்கா நன்றி சொன்னார். பிறகு போர்வையை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

தகனத்தின்போது பெரியவர்கள் சிலர், தகன உலையின் பொத்தானை அழுத்த ஆண்பிள்ளை யார் என்று விசாரித்தார்கள். அருளானந்தம் அண்ணை, அன்று கைக்குழந்தையாக வந்த மகள் சுபாவைப் பார்த்தார். "நீ அழுத்து பிள்ளை" என்றார். சுபா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னே போனாள். அவளுடைய விரல் பொத்தானில் நீண்ட நேரம் இருந்தது. கதவு மேலே எழுந்து, பெட்டி உள்ளே நகர்ந்து, கதவு இறங்கியது. சுவருக்கு அப்பால் நெருப்புப் பற்றும் இரைச்சல் கேட்டது. அதன்பிறகும் அவள் விரலை எடுக்கவில்லை. தகப்பன் போய் அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்தி எடுத்தார்.

போய் வாருங்கள் அக்கா. உங்கள் பிள்ளையைத் தனியே விடமாட்டோம்.