இருபது மில்லி

பெட்டாவுகே ஊரில் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த லோஜினா சகாலாவை வேதியியல் இரண்டு முறை காலை வாரிவிட்டிருந்தது. வயது முப்பத்தெட்டு. செவிலியர் பயிற்சியில் சேர அந்த ஒரு பாடம்தான் பாக்கி. மகள் தோகோகூடப் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டாள். தாய் இன்னும் அதே புத்தகத்தோடு மல்லுக்கட்டினாள்.

அமிலம், காரம் என்றால் அவளுக்குப் பயமில்லை. எந்தக் கறைக்கு எலுமிச்சை, எதற்குச் சோடா என்று கைக்கே தெரியும். அடர்த்திக் கணக்குதான் ஆளைச் சாய்த்தது.

மாலை வகுப்பில் பக்கத்து இருக்கை எனெலெஸுக்கு. சந்தையில் கருவாடு விற்பவள், பத்து வயது இளையவள், வாய்த்துடுக்கு. ஒருநாள் லோஜினாவின் நோட்டை எட்டிப் பார்த்தாள். ஐம்பத்துநான்கு கிராம் கல். முப்பது மில்லியில் நின்ற தண்ணீர், கல்லைப் போட்டதும் ஐம்பதுக்கு ஏறுகிறது. லோஜினா ஐம்பத்துநான்கை ஐம்பதால் வகுத்திருந்தாள்.

“தோகோம்மா, முப்பது மில்லி தண்ணி முன்னாடியே உள்ள இருந்துச்சு. அதையும் ஏன் கல்லு தலைல கட்டுறீங்க?”

இரண்டு தேர்விலும் இதே தப்பைத்தான் செய்திருக்கிறோம் என்பது அப்போதுதான் லோஜினாவுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது, அதைவிட நிம்மதியாக இருந்தது. இருபதால் வகுத்தாள். இரண்டு புள்ளி ஏழு.

எனெலெஸோ பி.எச். ஐந்துதான் மூன்றைவிடப் புளிப்பு என்று எழுதி வைத்திருந்தாள்.

“எண்ணு குறைஞ்சா புளிப்பு ஏறும்டி. ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு” என்றாள் லோஜினா. அன்றிலிருந்து இருவரும் நோட்டை மாற்றித் திருத்திக்கொண்டார்கள்.

செய்முறைத் தேர்வில் ஒன்பது கிராம் மெழுகுத் துண்டு ஒன்றைக் கொடுத்தார்கள். தண்ணீரில் போட்டால் மிதந்தது. பலர் திருதிருவென்று விழித்தார்கள். சிலர் மிதந்தபடியே அளவெடுத்து எழுதினார்கள். ஆனால் சலவைத் தொட்டியில் உப்பி எழும் தலையணை உறைகளைக் கோலால் அமுக்குவது லோஜினாவுக்கு அன்றாட வேலை. தலைத்துணியிலிருந்த ஊசியை உருவி, அதன் முனையால் மெழுகை முழுக்க அமுக்கிப் பிடித்தாள். நாற்பதில் நின்ற நீர் ஐம்பதைத் தொட்டது. பூஜ்யம் புள்ளி ஒன்பது என்று எழுதினாள். நீரைவிட லேசு, மிதந்தது நியாயம்தான்.

இருவரும் தேறினார்கள். எனெலெஸுக்கு ஒரு கிரேடு கூடுதல். அதைச் சொல்லியே ஒரு வாரம் வம்பிழுத்தாள்.

பயிற்சி விடுதியில் லோஜினாவின் அறைத்தோழிகள் மூவரும் தோகோ வயதுப் பெண்கள். “அம்மா” என்றே கூப்பிட்டார்கள். இங்கே நானும் உங்களைப் போல மாணவிதான், பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று அவள் முதல் வாரமே கேட்டுக்கொண்டாள்.