வலக்கண்ணில் ஏறிய புகை

தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமான புதிது. அடையாறில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். ஒரு காலை கரும்பலகையில் முக்கோணம் போட்டேன். அதன் ஒரு பக்கம் நடுவில் வளைந்திருந்தது. அழித்துவிட்டு ஸ்கேல் வைத்துப் போட்டேன். அதுவும் வளைந்தது. பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு நேராகத்தான் தெரிந்திருக்கிறது. சாயங்காலத்துக்குள் வலக்கண்ணில் மெல்லிய புகை ஏறி, அதில் கரும்புள்ளிகள் நீந்த ஆரம்பித்தன.

கணவரிடம் சொல்லத் தயக்கம். மயிலாப்பூர் வீட்டில் உப்பு போதுமா, காபி வேணுமா என்பதைத் தாண்டி நாங்கள் பேசிக்கொண்டதில்லை. சொன்னதும் லீவு போட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டு, வெளிச்சம் அடித்துப் பார்த்த டாக்டரம்மா சொன்னார்: "விழித்திரையும் அதுக்குப் பின்னாடி இருக்கற ரத்தக்குழாய்ப் படலமும் சேர்ந்து வீங்கியிருக்கும்மா. ஒரு கிருமி. நீங்க பிறக்கறதுக்கு முன்னாடியே உள்ள வந்து தூங்கிட்டு இருந்திருக்கலாம். இப்ப முழிச்சிருக்கு."

"பார்வை போயிடுமா?"

"மாத்திரையை விடாம சாப்பிடுங்க. தழும்பு நிக்கும். எவ்வளவுன்னு போகப்போகத்தான் தெரியும்."

வெளியே தெருவே வெள்ளையாகக் கரைந்து கிடந்தது. பஸ்ஸும் ஜனங்களும் பாலுக்குள் நடப்பது போல மிதந்தார்கள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதுதான் முதல் தடவை.

"இன்னா சார், அம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷனா? பாத்து ஏத்து" என்றார் ஆட்டோக்காரர்.

"பீச்சுக்குப் போலாமா?" என்று கேட்டேன். கடலைப் பார்க்காமல் போய்விடுவேனோ என்ற பயம்.

கடல் வெறும் ஒளியாக இருந்தது. "என்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

"ரெண்டு கப்பல் நிக்குது. ஒண்ணு சிவப்பு. மேல ஒருத்தர் துணி காயப் போடறார்."

"அவ்வளவு தூரத்துல துணியா?"

"லுங்கி."

வெயில் இறங்கி, மருந்தும் தணிந்த பிறகு இடக்கண்ணால் பார்த்தேன். கடலில் ஒன்றுமே இல்லை.

"கப்பல் எங்க?"

"துணி காஞ்சிடுச்சு. கிளம்பிட்டாங்க."

கல்யாணத்துக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

மாத்திரையில் முகம் உப்பியது. பக்கத்து வீட்டு மாமி, "விசேஷமாடீ?" என்று கேட்டாள். வாரங்கள் போகப் புகை மெல்ல விலகியது. நடுவுக்குப் பக்கத்தில் தழும்பு மட்டும் தங்கிவிட்டது. வலக்கண்ணால் மட்டும் பார்த்தால் அவர் மூக்கின் ஓரம் இருக்காது. அதைச் சொன்ன அன்று, முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, இப்போது எது காணோம், இப்போது எது காணோம் என்று சாயங்காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.