சிங்க் முன்னால் நிற்கும் பெண்

"வாலு, அந்தப் பொண்ணு எப்பவாவது உக்காருவாளா?"

டிவி பார்க்கும்போது அண்ணி என்னிடம் கேட்ட கேள்வி இது. திரையில் கதாநாயகி அழுதுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பச்சைப் புடவையில், முதுகைக் காட்டியபடி ஒருத்தி பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். அண்ணி கேட்டது அவளைப் பற்றி. அவள் வேறு யாருமில்லை, அண்ணியேதான்.

எங்கள் வீட்டில் ஒரு சீரியல் எடுக்கிறார்கள். கூடமும் சமையலறையும் அவர்களுக்கு, பின்னறை எங்களுக்கு. முதல் நாள் அண்ணி வேலை மும்முரத்தில் கேமரா இருப்பதை மறந்து சிங்க் பக்கம் போய்விட்டார். இயக்குநர் கோபப்படவில்லை. "அப்படியே நில்லுங்கம்மா! இப்பத்தான் இது வீடு மாதிரி இருக்கு" என்றார். அண்ணனுக்கு வாயெல்லாம் பல். சீரியல் முடியும்வரை அண்ணி நிற்பார் என்று அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டான். அண்ணியை யாரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அதே புடவை, அதே கொண்டை. கழுவிய பாத்திரங்களில் காபித்தூளையும் மாவையும் குழைத்துப் பூசுவார்கள். வசனம் கெட்டுவிடக் கூடாதென்று சிங்க்கில் துண்டு விரித்திருக்கும். குழாய் நூலாக ஒழுகும். சத்தமே வராமல் தேய்க்க வேண்டும். "ஒன் மோர்" என்று குரல் வந்தால், தேய்த்த பாத்திரத்துக்கு மறுபடியும் பூச்சு. எல்லோரும் கிளம்பிய பிறகு நிஜப் பாத்திரங்கள் காத்திருக்கும். அவற்றைத் தேய்க்கும்போது சத்தம் வரலாம். அண்ணி நன்றாகவே சத்தம் வரவைப்பார்.

கதாநாயகி நல்ல பெண். "அக்கா, எனக்கே லீவு உண்டு. உங்கள ஒரு எபிசோடுகூட விடமாட்டேங்கறாங்களே" என்று ஒருநாள் சிரித்தாள். அண்ணி சிரிக்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்பு அண்ணி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவர். ஃப்ரேமுக்குத் தகுந்தபடி லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவார். அந்தக் கடை இப்போது இன்னொரு கிளை திறக்கிறது. நேரில் வந்து பேசச் சொல்லி முதலாளியம்மா கூப்பிட்டிருந்தார்.

"போகட்டுமா?" என்று அண்ணி கேட்டதும் அம்மாவின் முகம் மாறியது. "தெருவுல என்னை நிறுத்தி, உங்க மருமக முதுகு என்னமா நடிக்குதுன்னு கேக்கறாங்க. இப்பப் போயி கடைக்குப் போறாளாம், கடைக்கு!"

"சீரியல் முடியட்டும், அப்புறம் போ" என்றான் அண்ணன்.

"எப்ப முடியும்?"

"நல்லா ஓடுது. இப்போதைக்கு முடியாது." அதைச் சந்தோஷமாகவே சொன்னான்.

நான் உதவி இயக்குநரிடம் போய், "அந்தப் பச்சைப் புடவை அக்கா வேலைக்குப் போயிட்டாங்கன்னு கதையில ஒரு வரி வெச்சிடுங்களேன் சார்" என்றேன்.

"அது என் கையில இல்லம்மா. கதை எழுதறவர் எழுதணும். அவரு இந்தப் பக்கமே வந்ததில்ல, ஃபோனும் எடுக்கமாட்டாரு."

அண்ணி கடைக்குப் பேசப் போன அன்று, வீட்டில் யாருக்கும் தெரியாமல் பச்சைப் புடவையை நான் கட்டிக்கொண்டேன். பள்ளி முடித்துவிட்டுச் சும்மா இருப்பவள்தானே நான், அதுவும் முதுகுதானே தெரியப்போகிறது. யாரும் கண்டுபிடிக்கவில்லை. "இன்னிக்கு சூப்பர்ம்மா!" என்றார் இயக்குநர். வேலை கிடைத்த சந்தோஷத்தோடு அண்ணி திரும்பினார். இனி தினமும் நானே நிற்கிறேன் என்றேன்.

அந்தக் காட்சி டிவியில் வந்தபோது அம்மா பெருமூச்சு விட்டார். "உங்கண்ணி எவ்வளவு பொறுப்பா தேய்க்கறா பாரு. நீயும் இருக்கியே, ஒரு டம்ளர் கழுவியிருப்பியா?"

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணி மட்டும் திரையில் தெரிந்த என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை கொடியில் புடவை இல்லை. அண்ணி அதைக் கட்டிக்கொண்டு சிங்க் முன்னால் நின்றார்.

"நாந்தான் நிக்கறேன்னு சொன்னேனே அண்ணி!"

"அதான் பயமா இருக்கு வாலு. உன்னை நிக்க வெச்சிட்டு நான் எப்படிப் போறது? தள்ளு, லைட் போடறாங்க."

புதுக் கிளை திறக்கும்வரை அண்ணியின் இடத்தை வைத்திருப்பதாகக் கடையில் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து நாலு பேருக்குக் கொடுங்கள். யாராவது ஒருவருக்கு அந்தக் கதை எழுதுகிறவரைத் தெரிந்திருக்கும். பச்சைப் புடவைக்காரி கையைத் துடைத்துக்கொண்டு வாசல் வழியாக வெளியே போகிறாள் என்று அவர் ஒரே ஒரு வரி எழுதினால் போதும். அவர் கைக்குப் போய்ச் சேரும்வரை கொடுத்துக்கொண்டே இருங்கள்.